ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு மெடிக்கல் காலேஜ்: கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் வளர்ந்த கதை

அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் சொந்தக்காரர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவர் பிள்ளையோ அவர் நண்பரின் பிள்ளையோ "கரீபியனில் மெடிசின் படிக்கிறான்" என்று ஒரு தடவையாவது காதில் விழுந்திருக்கும். கேட்பவருக்கு உடனே கடற்கரை, தென்னை மரம், அப்புறம் "அங்கே என்ன படிப்பு இருக்கப்போகிறது" என்ற ஒரு சின்ன நக்கல், எல்லாம் சேர்ந்தே வரும். நக்கலில் கொஞ்சம் நியாயம் உண்டு, அதைப் பின்னால் பார்க்கலாம். ஆனால் அந்தத் தீவுக் கல்லூரிகளில் பெரியதான செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் எப்படி அங்கே வந்தது, ஏன் அங்கேயே நின்றது என்ற கதையில் ஒரு புரட்சி, ஒரு படையெடுப்பு, ஒரு பெரும் புயல், கடைசியில் முதலீட்டு நிறுவனங்களின் பணம் என்று எல்லாமே இருக்கிறது. ஒரு கல்லூரியின் வரலாற்றில் சாதாரணமாக இவ்வளவு இருக்காது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரெனடா என்பது கரீபியன் கடலின் தென்கோடியில், வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் நாடு. கூடவே இருக்கும் குட்டித் தீவுகளையும் சேர்த்து மொத்தம் 344 சதுர கிலோமீட்டர். பெருநகர சென்னை மாநகராட்சியே 426. மக்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஜாதிக்காய்தான் அந்த ஊரின் அடையாளம், தேசியக் கொடியிலேயே ஒரு ஜாதிக்காய் உண்டு. பிரிட்டனிடமிருந்து 1974 பிப்ரவரியில் விடுதலை கிடைத்தது. விடுதலை கிடைத்து இரண்டரை வருஷத்தில், 1976 ஜூலையில், ஒரு தனியார் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு அந்த நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் போட்டு அனுமதி கொடுத்தது. அப்போது பிரதமர் எரிக் கெய்ரி. (பறக்கும் தட்டுகளை ஆராய ஐ.நா. ஓர் அமைப்பு வைக்க வேண்டும் என்று மெனக்கெட்டுப் பேசியவரும் இவரேதான். அது வேறு கதை.)

ஏன் அமெரிக்கர்கள் அங்கே போய்க் கல்லூரி திறந்தார்கள்? இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். 1970களில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சீட் குறைவு, கேட்பவர்கள் கூட்டமோ பெரிது. நல்ல மார்க் வாங்கியும் இடம் கிடைக்காதவர்கள் இத்தாலிக்கும் மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கும் போய், இத்தாலிய மொழியும் ஸ்பானிஷும் படித்து, பிறகு மருத்துவம் படித்து, திரும்பி வந்து தேர்வு எழுதினார்கள். அதே சமயம் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில், படிப்பு முடித்தவர்கள் பயிற்சி டாக்டராகச் சேரும் ரெசிடென்சி இடங்கள், உள்ளூர்க் கல்லூரிகளில் தேறி வருகிறவர்களைவிட அதிகமாக இருந்தன. அதாவது உள்ளே நுழையும் கதவு சின்னது, வெளியே வேலை செய்யும் மேடை பெரிது. இந்த இடைவெளியைத்தான் சார்லஸ் மோடிகா என்ற சட்டம் படித்த இளைஞரும் அவருடன் சேர்ந்த சிலரும் கண்டுகொண்டார்கள். ஆங்கிலம் பேசும் ஒரு நாடு, அமெரிக்காவிலிருந்து சில மணி நேரத் தொலைவு, அன்னியச் செலாவணிக்கு ஏங்கும் ஒரு புதிய அரசாங்கம் என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. 1977 ஜனவரியில் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷமே டொமினிக்காவில் ராஸ், மான்செராட்டில் அமெரிக்கன் யூனிவர்சிட்டி ஆஃப் தி கரீபியன் என்று இரண்டு கல்லூரிகள் அதே வழியில் கிளம்பின. ஆக, இது ஒருத்தர் தலையில் மட்டும் உதித்த யோசனை என்று சொல்ல முடியாது. காலமே அதற்குக் கனிந்து கிடந்தது.

சட்டத்தில் அனுமதி கிடைத்துவிட்டது, கட்டடம்? புதிதாகக் கட்ட நேரமும் இல்லை, பணமும் இல்லை. தீவின் தென்மேற்கு முனையில் ட்ரூ ப்ளூ என்ற இடத்தில், 1969ல் கரீபியன் நாடுகளின் வர்த்தகப் பொருட்காட்சி ஒன்று நடந்திருந்தது. அதற்காகக் கட்டிய கூடங்கள் அப்படியே நின்றன. பொருட்காட்சி முடிந்தபின் அந்தக் கூடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு மருத்துவக் கல்லூரி பதிலாக வந்து சேர்ந்தது. இன்றைக்கு அந்த வளாகத்தின் படங்களைப் பார்ப்பவர்கள், சிவப்புக் கூரையும் வெளிர் மஞ்சள் சுவருமாய்க் கடலைப் பார்த்து அடுக்கடுக்காய் நிற்கும் கட்டடங்களைத்தான் பார்க்கிறார்கள். ஆரம்பம் ஒரு பழைய எக்ஸிபிஷன் மைதானம் என்று அவை சொல்லாது. கிராண்ட் ஆன்ஸ் என்ற பெயர்போன கடற்கரையில் இன்னொரு வளாகம் இருந்தது. பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்ட்டிலும் ஒரு கிளை வைத்து, மாணவர்களை ஒரு பருவம் அங்கே அனுப்பினார்கள்.

இங்கேதான் தீவுக் கல்லூரியின் அடிப்படைச் சிக்கல் வருகிறது. மருத்துவக் கல்லூரிக்கு வகுப்பறை, பரிசோதனைக்கூடம், பிணவறை இருந்தால் பாதிதான் ஆச்சு. மீதிப் பாதிக்கு நோயாளிகள் வேண்டும். ஒரு லட்சம் பேர் வாழும் தீவில், ஒரே ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு அறுவை சிகிச்சையும் பிரசவமும் இதய நோயும் காட்டிக் கற்பிக்க வழியே கிடையாது. நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி என்றால் ஆஸ்பத்திரிதான் முதலில் கண்ணுக்குத் தெரியும், காலேஜ் அதன் பின்னால் எங்கோ இருக்கும். ஸ்டான்லியையோ மதுரை பெரியாஸ்பத்திரியையோ நினைத்துப் பாருங்கள். கிரெனடாவில் இது நேர்மாறு. அதனால் படிப்பையே இரண்டாக வெட்டிவிட்டார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயியல் என்று முதல் இரண்டு வருஷம் தீவில். அமெரிக்க உரிமத் தேர்வின் முதல் கட்டத்தை எழுதிய பிறகு, அடுத்த இரண்டு வருஷம் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ கல்லூரி ஒப்பந்தம் போட்டிருக்கும் ஆஸ்பத்திரிகளில். வளாகம் என்று நாம் பார்ப்பது பாதிப் பல்கலைக்கழகத்தைத்தான். இன்னொரு பாதி நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் வேறொருவர் கட்டிய வார்டுகளில் இருக்கிறது. இதைத் தந்திரம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது தீவின் அளவு போட்டுக்கொடுத்த வடிவம் என்றுதான் படுகிறது.

கல்லூரி ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் நிம்மதியாக ஓடியது. 1979 மார்ச் 13 அன்று, கெய்ரி வெளிநாட்டில் இருந்த சமயம் பார்த்து, மாரிஸ் பிஷப் தலைமையிலான நியூ ஜுவல் இயக்கம் ஆட்சியைப் பிடித்தது. மார்க்சியம் பேசும் அரசு, கியூபாவின் தோழமை, கூடவே அமெரிக்கப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் தனியார் கல்லூரி. இரண்டும் ஒரே தீவில். மூடிவிடுவார்கள் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள், ஆனால் மூடவில்லை. டாலர் வரும் வழிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிற நாட்டில் கொள்கை எங்கே வளையும் என்பதற்கு இது ஒரு நல்ல பாடம். 1981ல் முதல் அணி பட்டம் வாங்கி வெளியே வந்தது.

இதற்கிடையில் ட்ரூ ப்ளூ வளாகத்துக்கு ஒட்டினாற்போல் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதுவரை தீவுக்கு இருந்த ஒரே விமான நிலையம் பெர்ல்ஸ், வடகிழக்கு மூலையில். சின்ன ஓடுபாதை, இரவில் இறங்க விளக்கு வசதி கிடையாது. பார்படோஸ் வரை பெரிய விமானத்தில் வந்து, அங்கிருந்து சின்ன விமானத்தில் பெர்ல்ஸ் வந்து, பிறகு மலைப்பாதையில் வளைந்து வளைந்து தலைநகருக்கு வர வேண்டும். பிஷப் அரசு பாயின்ட் சலீன்ஸ் என்ற தென்மேற்கு முனையில் சுமார் 9,000 அடி நீள ஓடுபாதையுடன் புது விமான நிலையம் கட்ட ஆரம்பித்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கியூபர்கள். ஓடுபாதையின் கிழக்கு முனை முடியும் இடத்தில் மருத்துவக் கல்லூரியின் விடுதிகள். அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு, இது சோவியத் ராணுவ விமானங்களுக்கான ஏற்பாடு என்றது. சுற்றுலாவுக்கு என்றது கிரெனடா. பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றும் அந்தக் கட்டுமானத்தில் ஒப்பந்தம் எடுத்திருந்தது என்பதை நினைத்தால் சுற்றுலா வாதம் அவ்வளவு அபத்தமாகத் தெரியவில்லை.

1983 அக்டோபரில் ஆளும் கட்சிக்குள்ளேயே பிளவு. பிஷப்பை வீட்டுக்காவலில் வைத்தார்கள், மக்கள் திரண்டு வந்து விடுவித்தார்கள், அதே நாள், அக்டோபர் 19, கோட்டையில் வைத்து அவரையும் அவருடைய தோழர்களையும் சுட்டுக் கொன்றார்கள். அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ராணுவக் குழு ஆட்சிக்கு வந்து, வெளியே தலைகாட்டினால் சுடுவோம் என்று நாள் முழுக்க ஊரடங்கு போட்டது. தீவில் அப்போது சுமார் 600 அமெரிக்க மாணவர்கள். ஈரானின் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்த அவமானம் அமெரிக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. போதாக்குறைக்கு அக்டோபர் 23 அன்று லெபனானின் பெய்ரூட்டில் குண்டு வெடித்து 241 அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். மாணவர்களுக்கு ஆபத்தில்லை என்று ராணுவக் குழு கல்லூரி நிர்வாகத்துக்கு உறுதி சொன்னது. நியூயார்க்கில் கூடிய ஐந்நூறு பெற்றோர், அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம் என்று ரீகனுக்குத் தந்தியே அடித்தார்கள். அக்டோபர் 25 விடியலில் அமெரிக்க ரேஞ்சர் படை, 500 அடி உயரத்திலிருந்து அந்த முடியாத ஓடுபாதையின் மேல் பாராசூட்டில் குதித்தது.

இங்கே ஒரு விஷயத்தை நின்று பார்க்கத்தான் வேண்டும். மாணவர்களைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்று சொல்லி வந்த படைக்கு, மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று முழுசாகத் தெரியாது. நல்ல ராணுவ வரைபடம்கூட இல்லாமல், சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் வரைபடத்தை வைத்துக்கொண்டு போனார்கள். காலையில் ட்ரூ ப்ளூவுக்கு வந்து 138 மாணவர்களைக் கண்டுபிடித்து, வேலை முடிந்தது என்று பார்த்தால், "கிராண்ட் ஆன்ஸில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்களே" என்று மாணவர்களே சொல்லித்தான் தெரிந்தது. ஹாம் ரேடியோ வைத்திருந்த ஒரு மாணவர் வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். மறுநாள் மாலை ஹெலிகாப்டர்கள் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் இறங்கி இருநூறுக்கும் மேற்பட்டவர்களை அள்ளிக்கொண்டு போயின. இறங்கியதில் ஒன்றின் விசிறி தென்னை மரத்தில் அடிபட்டு அங்கேயே விழுந்து கிடந்தது. அவசரத்தில் காவலுக்கு நின்ற ரேஞ்சர் வீரர்கள் பதினோரு பேரைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் இருட்டில் அந்த ஹெலிகாப்டரிலிருந்த ரப்பர் படகை எடுத்துத் துடுப்புப் போட்டுக் கடலுக்குப் போய், கப்பல் ஒன்று அவர்களைத் தூக்கிக்கொண்டது. இன்னும் ஒரு கூட்டம் மாணவர்கள் லான்ஸ் ஓ எபீன் பகுதியில் வாடகை வீடுகளில் இருந்தார்கள், அவர்களை எட்டவும் நாளாயிற்று. தென் கரோலினாவில் விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு மாணவர் குனிந்து மண்ணை முத்தமிட்ட படம் உலகம் பூராவும் வந்தது. ரீகனுக்கு அந்த ஒரு படம் போதும். முதலில் படையெடுப்பு தேவையில்லாதது என்று பேசிய மோடிகாவும், அதிகாரிகளின் விளக்கத்துக்குப் பிறகு பேச்சை மாற்றிக்கொண்டார். ஐ.நா. பொதுச்சபை 108க்கு 9 என்ற கணக்கில் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

மாணவர்களில் யாரும் சாகவில்லை. அமெரிக்கத் தரப்பில் 19 பேர், கிரெனடா மக்களில் 45 பேர், கியூபர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். கிரெனடா மக்களில் இறந்தவர்களில் ஒரு கணிசமான பகுதி, தவறுதலாகக் குண்டு விழுந்த ஒரு மனநல மருத்துவமனையில் இருந்த நோயாளிகள். மருத்துவ மாணவர்களை மீட்க நடந்த சண்டையில் ஓர் ஆஸ்பத்திரி இடிந்தது என்பது கதையில் ஓரமாக ஒதுக்கப்பட்ட விஷயம்.

சண்டை முடிந்து சில மாதத்தில் கல்லூரி தீவுக்குத் திரும்பியது. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு எந்த அமெரிக்கப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார் என்று நிர்வாகம் பயந்து வேறு தீவைத் தேடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நடந்தது வேறு. அதுவரை அமெரிக்காவில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிரெனடா என்ற பெயரே தெரியாது. அந்த அக்டோபருக்குப் பிறகு கல்லூரியின் பெயர் இலவசமாக எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கியூபர்கள் பாதியில் விட்ட விமான நிலையத்தை அமெரிக்காவே பணம் போட்டு முடித்து, 1984 அக்டோபரில் திறந்தது. வளாகத்தின் வாசலிலிருந்து சில நிமிடத்தில் ஜெட் விமானம் இறங்கும் வசதி. கியூபத் தொழிலாளி போட்ட ஓடுபாதையில்தான் நாற்பது வருஷமாக அமெரிக்க மருத்துவ மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். 2009ல் அந்த விமான நிலையத்துக்கு மாரிஸ் பிஷப்பின் பெயரையே வைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே, வளாகத்துக்குள், இறந்த 19 அமெரிக்க வீரர்களுக்கு நினைவுச்சின்னம். அக்டோபர் 25 அங்கே நன்றி நாள் என்று அரசு விடுமுறை. 2023 முதல் அக்டோபர் 19ம் தேசிய வீரர்கள் நாளாக விடுமுறை. ஒரு வாரத்துக்குள் இரண்டு விடுமுறை, இரண்டுக்கும் நேர் எதிரான நினைவுகள். கிரெனடாக்காரர்கள் இரண்டையும் அனுசரித்துவிட்டுப் போகிறார்கள்.

வளாகம் உண்மையில் வளர்ந்தது 1990களில்தான். அதுவரை எக்ஸிபிஷன் கூடங்களும் அவசரத்துக்குக் கட்டிய விடுதிகளும் கலந்து கிடந்த இடத்தில், திட்டம் போட்டுப் புதிதாக விரிவுரை மண்டபங்கள், நூலகம், ஆய்வகங்கள், மாணவர் விடுதிகள் எழும்பின. பாடம் நடத்தும் வேலையெல்லாம் மெல்ல ட்ரூ ப்ளூவுக்கே வந்து சேர்ந்தது. 42 ஏக்கரில் 65 கட்டடங்கள் என்று பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. நிலத்தை நினைத்துப் பார்த்தால் இந்த நெருக்கம் புரியும்: மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் விமான நிலையம், பக்கவாட்டில் விரிய வழி இல்லை. ஆகவே சரிவில் படிப்படியாய் மேலே ஏறினார்கள், கடலோரம் வரை கீழே இறங்கினார்கள். நம் ஊர் தனியார் பல்கலைக்கழகங்கள் முன்னூறு ஏக்கர் வாங்கிப் போட்டுவிட்டு ஒரு மூலையில் கட்டுவது போல அங்கே நடக்காது.

கூடவே பாடங்களும் பெருகின. 1993ல் மற்றப் படிப்புகள் நடத்தவும் சட்டம் அனுமதி தந்தது. 1994ல் விண்ட்ரெஃப் என்ற ஆராய்ச்சி அறக்கட்டளை, 1996ல் கலை அறிவியல் கல்லூரி, 1999ல் கால்நடை மருத்துவக் கல்லூரி. "மருத்துவக் கல்லூரி" என்பது "பல்கலைக்கழகம்" ஆனது இப்படித்தான். வெறும் பெயர்ப்பலகை மாற்றம் என்று ஆரம்பத்தில் நானும் அலட்சியமாகத்தான் படித்தேன், ஆனால் கலை அறிவியல் கல்லூரி வந்த பிறகுதான் உள்ளூர்ப் பிள்ளைகள் கணிசமாக உள்ளே வர ஆரம்பித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன் கிரெனடா பிள்ளைக்குப் பட்டப்படிப்பு வேண்டுமென்றால் ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் என்று வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் வளாகங்களுக்குக் கப்பலோ விமானமோ ஏற வேண்டியிருந்தது. கால்நடைக் கல்லூரியும் தீவோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டது. கிரெனடாவின் கீரிகளிடம் ரேபிஸ் உண்டு. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க வெளியிலிருந்து கொண்டுவந்த கீரிகள் அவை. லெவேரா கடற்கரையில் முட்டையிட வரும் தோணி ஆமைகளும் உண்டு. இவற்றை ஆராய வேறு யாரும் வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை.

2004 செப்டம்பர் 7. ஐவன் புயல். 1955க்குப் பிறகு பெரிய புயலையே பார்க்காத தீவு அது; புயல் நமக்கு வராது என்ற நம்பிக்கை ஊரில் ஊறிப்போயிருந்தது. 39 பேர் இறந்தார்கள், பத்தில் ஒன்பது வீடுகளுக்குச் சேதம், மொத்த இழப்பு அந்த நாட்டின் ஒரு வருஷ உற்பத்தியைப்போல இரண்டு மடங்கு. ஜாதிக்காய் மரங்கள் வேரோடு சாய்ந்தன. உலகச் சந்தையில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் கிரெனடாவுக்கு இருந்தது. ஜாதிக்காய் மரம் நட்டால் காய்க்கவே ஏழெட்டு வருஷம் ஆகும், முழுப் பலன் வர இன்னும் கூடும். அன்றைக்குப் போனது அப்படியே போயிற்று. வளாகக் கட்டடங்கள் பெரும்பாலும் புதியவை, தாங்கிக்கொண்டன. மாணவர்களைத் தற்காலிகமாக அமெரிக்காவுக்கு அனுப்பிப் பாடத்தை ஓட்டி, பிறகு திருப்பிக் கூட்டிவந்தார்கள். ஜாதிக்காயை நம்பியிருந்த பொருளாதாரம் மாணவர் வாடகையையும் சுற்றுலாவையும் நம்பும் பொருளாதாரமாக மாறியதில் இந்த ஒரு நாளுக்குப் பங்கு அதிகம்.

மற்றத் தீவுகளில் என்ன ஆயிற்று என்று பார்த்தால்தான் இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். மான்செராட்டில் இருந்த கல்லூரி 1989ல் ஹ்யூகோ புயலில் சேதமாகி, அமெரிக்காவில் பிளிமத் என்ற ஊருக்குத் தற்காலிகமாகப் போனது (மான்செராட்டின் தலைநகர் பெயரும் பிளிமத்தான்). திரும்பி வந்து கொஞ்ச நாள். 1995ல் எரிமலை விழித்துக்கொண்டது, தலைநகரே சாம்பலில் புதைந்தது. கல்லூரி செயின்ட் மார்ட்டன் தீவுக்கு இடம் மாறி அங்கே நிரந்தர வளாகம் கட்டியது. 2017ல் அங்கே இர்மா புயல், மாணவர்கள் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகருக்கு. அதே மாதம் டொமினிக்காவை மரியா புயல் அடித்துப் போட்டது. ராஸ் கல்லூரியின் மாணவர்களை செயின்ட் கிட்ஸ் துறைமுகத்தில் நிறுத்திய ஒரு பயணிகள் கப்பலில் தங்கவைத்துப் பாடம் நடத்தினார்கள், அப்புறம் டென்னசி, கடைசியில் 2019 ஜனவரியில் பார்படோஸ். அங்கே அரசின் மாநாட்டு மண்டபத்தில் வகுப்பு, புதிதாகக் கட்டியிருந்த ஒரு குடியிருப்பில் விடுதி. நாற்பது வருஷம் ராஸ் மாணவர்களுக்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டும் சமைத்துப் போட்டும் பிழைத்த போர்ட்ஸ்மத் என்ற டொமினிக்கா ஊர், வங்கிக்கடனும் காலி வீடுகளுமாக நின்றது.

ஏன் கிரெனடாவில் மட்டும் போகவில்லை? அதிர்ஷ்டம் ஒரு காரணம், எரிமலை வெடிக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. ராஸ் 2003லேயே டெவ்ரி என்ற அமெரிக்கக் கல்வி நிறுவனத்தின் கையில் போய்விட்டது. மான்செராட்டில் தொடங்கிய கல்லூரியும் பின்னாளில் அதே கைக்குத்தான் வந்தது. செயின்ட் ஜார்ஜஸ் நீண்ட காலம் நிறுவனர்களின் கையிலேயே இருந்தது, சம்பாதித்ததில் பெரும்பகுதியை ஒரே இடத்தில் கட்டடமாகப் போட்டது, உள்ளூர்ச் சட்டம், உள்ளூர் உதவித்தொகை, உள்ளூர் மாணவர் என்று வேர் விட்டது. கட்டடம் கூடக்கூட நகர்வது கஷ்டமாகிறது, நகர்வது கஷ்டமானால் அரசோடு சமாளித்துப் போகத்தான் வேண்டும். அரசுக்கும் அதே கதி. 2014ல் கனடாவைச் சேர்ந்த ஆல்டாஸ் பார்ட்னர்ஸும் பேரிங் ஆசிய நிதியமும் சேர்ந்து 75 கோடி டாலர் போட்டபோது அவர்கள் வாங்கியது பாடத்திட்டத்தை மட்டும் இல்லை. நகர்த்த முடியாத ஒரு முனையையும் சேர்த்துத்தான்.

சரி, ஆரம்பத்தில் சொன்ன நக்கலுக்கு வருவோம். வருஷத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சேர்க்கை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்கள். ஒரு சாதாரண அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் வகுப்புக்கு நூற்றைம்பது பேர் வாக்கில்தான். அவ்வளவு பேருக்கு ஆஸ்பத்திரி இடம் வேண்டுமே? காசு கொடுத்து வாங்கினார்கள். 2007ல் நியூயார்க் நகரப் பொது மருத்துவமனைகளோடு பத்து வருஷத்துக்குப் பத்துக் கோடி டாலர் வரை என்று ஒப்பந்தம் போட்டபோது, நியூயார்க்கின் சொந்த மருத்துவக் கல்லூரிகள் எங்கள் மாணவர்கள் நிற்க இடமில்லாமல் போகும் என்று கொதித்தன. நோயாளியின் கட்டிலருகே நிற்கும் உரிமைக்கு விலை போடுவது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த மருத்துவமனைகளில் பல, ஏழைகள் வரும் பொது மருத்துவமனைகள். தேறியவர்களில் பலர் அமெரிக்கப் பட்டதாரிகள் போக விரும்பாத குடும்ப மருத்துவத்துக்கும் சின்ன ஊர்களுக்கும் போகிறார்கள் என்பதும் உண்மை. பாதியில் விழுகிறவர்கள் கையில் பட்டம் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சும் என்பதும் அதே அளவு உண்மை.

இந்தியாவில் வேலை செய்ய நினைக்கிற மாணவருக்கு இது பொருந்தாது, ஏஜென்ட் என்ன சொன்னாலும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர் முழுப் படிப்பையும் பயிற்சியையும் ஒரே நாட்டில், ஒரே கல்லூரியில் 54 மாதம் முடித்து, 12 மாத இன்டர்ன்ஷிப்பும் அங்கேயே செய்ய வேண்டும். இரண்டு வருஷம் தீவு, இரண்டு வருஷம் அமெரிக்கா என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்துக்குள் எப்படியும் அடங்காது. ஆகவே இந்தியப் பெயர்கள் அங்கே நிறைய இருந்தாலும், அவை பெரும்பாலும் அமெரிக்கா, கனடா வாழ் குடும்பங்களின் பிள்ளைகள்.

தீவு எவ்வளவு தூரம் இந்த வளாகத்தைச் சார்ந்திருக்கிறது என்பது 2020 மார்ச்சில் வெட்டவெளிச்சமானது. கோவிட் வந்ததும் மாணவர்கள் வீட்டுக்குப் போய் ஆன்லைனில் படித்தார்கள், ஒரு வருஷத்துக்கும் மேல். கிராண்ட் ஆன்ஸிலும் லான்ஸ் ஓ எபீனிலும் மாணவருக்கென்றே மாடி எழுப்பிய வீட்டுக்காரர்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் என்று எல்லோரும் ஒரே நாளில் வருமானம் இழந்தார்கள். சுற்றுலாவும் அப்போதே நின்றுபோயிருந்தது.

இப்போது அடுத்த கேள்வி வாஷிங்டனிலிருந்து வந்திருக்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் கட்டணம் கட்டுவது அமெரிக்க அரசின் கல்விக்கடனில். 2025ல் நிறைவேறிய சட்டம், படிப்பின் முழுச் செலவு வரைக்கும் அரசு கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடனை, புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் நிறுத்துகிறது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு. தீவுக் கல்லூரியில் கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். மீதிக்குத் தனியார் வங்கிதான் கதி, தனியார் வங்கியோ இந்த மாணவன் தேறுவானா என்று பார்த்துத்தான் கொடுக்கும். சேர்க்கை குறைந்தால் முதலில் தெரியப்போவது ட்ரூ ப்ளூ வகுப்பறையில் இல்லை, அதற்கு வெளியே வங்கிக்கடனில் மாடி கட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரரிடம்தான்.